சின்ன வண்டிக்குத்தான் தீர்த்தம்

நெல்லோ: இன்னொரு தடவ சாவியத் திருப்பிப் பாக்கட்டுங்களா, ஐயா?

ஓத்தாவியோ: திருப்பித் திருப்பி சாவியே தேஞ்சிடும்போல இருக்கு. முள்ளு எங்க நிக்குது பாரு.

நெல்லோ: எங்க நிக்குது... படுத்துக் கெடக்குது.

ஓத்தாவியோ: அப்ப பெட்ரோல் இல்ல.

நெல்லோ: இல்லன்னு ஒரேயடியா சொல்லிட முடியாதுங்க. வாசனை இருக்கு.

ஓத்தாவியோ: வாசனையில வண்டி ஓடுமாடா?

நெல்லோ: போன மாசம் மேடையில நீங்கதான சொன்னீங்க... "என்னோட குட்டி பாண்டா காரு பெட்ரோல் வாசனையிலயே ஓடும்"னு. சனங்க கைதட்டினாங்க. எங்க மாமியா கூடத் தட்டினாங்க.

ஓத்தாவியோ: மேடையில சொன்னத என்கிட்டயே திருப்பிச் சொல்லாத. கவுன்சிலர் ஒருத்தன் பாழடஞ்ச செங்கல் சூளைக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்கிறதே பெரிய கேவலம். இதுல வண்டி வேற படுத்துக்கிச்சு. சரி... நாம வந்த கறுப்பு வண்டியில டேங்க் நிறைய இருக்குல்ல? அதுலேர்ந்து கொஞ்சம் உறிஞ்சி இதுல ஊத்து.

நெல்லோ: அது டீசலுங்க.

ஓத்தாவியோ: இது?

நெல்லோ: பெட்ரோல்.

ஓத்தாவியோ: ரெண்டும் ஒரே பங்க்லதான விக்கிறான்?

நெல்லோ: ஐயா... நீங்க மாவட்டப் போக்குவரத்துக் குழுவுக்குத் தலைவர்.

ஓத்தாவியோ: ஆமா. அதுக்கென்ன?

நெல்லோ: ஒண்ணுமில்லீங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுங்கன்னு சொல்ல வந்தேன்.

ஓத்தாவியோ: அப்ப கறுப்பு வண்டிய எடுத்துக்கிட்டுப் போய் பங்க்ல ஒரு டப்பா வாங்கிட்டு வா. போ. நிக்காத.

நெல்லோ: பங்க் எல்லாம் நேத்துலேர்ந்து அடைப்புங்க. விலையேத்தத்தக் கண்டிச்சு.

ஓத்தாவியோ: எந்த மடையன் அடைக்கச் சொன்னான்?

நெல்லோ: சொன்னது அவங்க சங்கம்தான். "முழு ஆதரவு, இன்னும் ஒரு வாரம்கூட அடைக்கலாம்"னு அறிக்கை விட்டது நீங்க. பேசாம நடந்தே போயிடலாமே, ஐயா? அந்த சைப்ரஸ் மரத்து வளைவு தாண்டினா இறக்கம்தான். சதுக்கம் வந்துரும்.

ஓத்தாவியோ: நடந்தா? நடந்து வர்றவனுக்கு எவனாவது ஓட்டுப் போடுவானா? கடன்ல வண்டிய வித்துட்டான்னு பேசுவாங்க. உனக்கு இன்னிக்கு என்ன நாள்னு ஞாபகம் இருக்கா இல்லியா?

நெல்லோ: புனித கிறிஸ்தோபர் திருநாள். வண்டிங்களுக்குத் தீர்த்தம் தெளிக்கற நாள்.

ஓத்தாவியோ: அது மட்டும்தான் தெரியும் உனக்கு. ஃபாதர் கல்லிஸ்தோ முதல்ல எந்த வண்டிக்குத் தீர்த்தம் தெளிக்கிறாரோ அது ஊர்வலத்துக்கு முன்னால போகும். எவன் வண்டி முன்னால போகுதோ அவன் அடுத்த மேயர். இப்ப இருக்கறவன் அப்படி வந்தவன்தான். அவனுக்கு முன்னால இருந்தவனும் அப்படித்தான். இந்த மொந்தெராந்தோ ஊர்ல தேர்தல்னு ஒண்ணு நடக்கறதே சும்மா, அந்த முதல் சொட்டுத் தண்ணி எங்க விழுந்துச்சுன்னு எழுதி வெக்கத்தான். இந்த வருஷம் அது என் வண்டி மேல விழணும். மணி அடிக்கறப்ப நான் அங்க இல்லன்னா?

நெல்லோ: வக்கீல் தெசாரி.

ஓத்தாவியோ: வக்கீல் தெசாரி. சைக்கிள்ல வரானாம். தொப்பியப் போட்டுக்கிட்டு, கால்சட்டைய உருட்டி விட்டுக்கிட்டு... ஏழை விவசாயி மாதிரி.

நெல்லோ: அந்த சைக்கிளோட விலைக்கு நம்ம பாண்டா ரெண்டு வாங்கலாமுங்க.

ஓத்தாவியோ: அது சனங்களுக்குத் தெரியாதுல்ல? சைக்கிள்னா ஏழைன்னு நம்பிடுதுங்க. மக்குங்க.

நெல்லோ: சின்னக் கார்னா சிக்கனம்னு நம்பற மாதிரி.

ஓத்தாவியோ: என்ன சொன்ன?

நெல்லோ: வெயில் ஜாஸ்தின்னு சொன்னேன். ஜூலையில இந்தக் கோட்டு வேணுங்களா?

ஓத்தாவியோ: வேணும். முழங்கையில ஒட்டுப் போட்ட கோட்டு இது. இதப் போடாம போனா பாதிப் பேருக்கு என்னை அடையாளமே தெரியாது.

நெல்லோ: நல்லா வந்திருக்குங்க ஒட்டு. கடைக்காரன் கேட்டான்... "புதுக் கோட்டுல ஓட்டையே இல்லியே, எங்க ஒட்டறது?"ன்னு. "எங்கயாவது ஒட்டு, எஜமான் ஏழையாகப் போறாரு"ன்னேன்.

ஓத்தாவியோ: உன் வாய் இருக்கே... சரி, ஒண்ணு சொல்லு. நான் இந்தப் பாண்டாவுல போறது எவ்வளவு தூரம்? கறுப்பு வண்டியில இந்தச் சூளை வரைக்கும். இங்க எறங்கி, இதுல ஏறி சதுக்கத்துக்கு. அங்கேர்ந்து திரும்ப இங்க. அதுவும் போறப்ப இறக்கம். அப்புறம் எப்படி இதுல நாப்பதாயிரம் கிலோமீட்டர் காட்டுது?

நெல்லோ: அதுங்களா...

ஓத்தாவியோ: அதுதான்.

நெல்லோ: வண்டி புதுசாத் தெரியக் கூடாது, உழைச்ச வண்டி மாதிரித் தெரியணும்னு நீங்கதான சொன்னீங்க?

ஓத்தாவியோ: சொன்னேன்.

நெல்லோ: உழைக்க வெச்சேன்.

ஓத்தாவியோ: பின்சீட்ல ஏன்டா கோழி எறகு?

நெல்லோ: மாமியாருக்குக் கோழிப் பண்ணைங்க. சனிக்கிழமை சந்தை.

ஓத்தாவியோ: அப்ப என் பெட்ரோலைக் கோழி குடிச்சிருக்கு.

நெல்லோ: கோழி மட்டும் குடிக்கலீங்க. மச்சானுக்கும் கொஞ்சம்... விடுங்க. ஓட்டுப் போடற சனம் எறகப் பாத்தா சந்தோஷந்தான் படும். "நம்மாளு"ன்னு தோணும்.

ஓத்தாவியோ: உன்னை அப்புறம் வெச்சுக்கறேன். சூளைக்குள்ள போயிட்டு வந்தியே, தகர டப்பா, பெட்ரோல் கேன் ஏதாவது கெடந்துச்சா?

நெல்லோ: ஒண்ணும் இல்லீங்க.

ஓத்தாவியோ: நல்லாப் பாத்தியா?

நெல்லோ: ஒண்ணும் இல்லன்னு சொல்லச் சொன்... ஒண்ணும் இல்லீங்க. செங்கல்லு. தூசி.

ஓத்தாவியோ: இரு. என்ன சத்தம் அது?

நெல்லோ: எது?

ஓத்தாவியோ: உள்ளேர்ந்து. யாரோ தும்மின மாதிரி.

நெல்லோ: பூனையா இருக்கும்.

ஓத்தாவியோ: பூனை இப்படித் தும்முமா?

நெல்லோ: வயசான பூனைங்க. ஐயா... பதறாம திரும்புங்க. சிரிச்ச முகமாத் திரும்புங்க. லெத்தீசியா அம்மா வராங்க.

ஓத்தாவியோ: எந்த லெத்தீசியா?

நெல்லோ: எத்தன லெத்தீசியா இருக்காங்க நமக்கு? சின்ன வண்டிச் சங்கத் தலைவி. பத்திரிகையில எழுதறவங்க. "பெரிய கார்ல வர்றவன் ஊரைக் கேலி பண்றான்"னு எழுதி எழுதி, இந்த வருஷம் சின்ன வண்டிக்கு மட்டுந்தான் தீர்த்தம்னு ஃபாதரைப் பிரசங்கத்துல சொல்ல வெச்சாங்களே... அவங்கதான்.

ஓத்தாவியோ: செத்தோம். அந்தப் பிசாசு இங்க எங்க... மேடம். என்ன பாக்கியம்.

லெத்தீசியா: கவுன்சிலர் கர்பினி. சதுக்கத்துல இருக்க வேண்டியவர் சூளையில என்ன பண்றீங்க?

ஓத்தாவியோ: பக்கத்துல கல்லறைத் தோட்டம் இருக்கே... நல்ல காரியத்துக்குப் போறதுக்கு முன்னால எங்க அம்மாவுக்கு ஒரு பூ வெச்சிட்டு...

லெத்தீசியா: உங்கம்மாவை அங்கோனாவுலதான அடக்கம் பண்ணினாங்க? நான் வந்திருந்தேனே.

ஓத்தாவியோ: அங்கோனாதான். இங்கேர்ந்து அந்தத் திசையப் பாத்துக் கும்பிட்டுக்குவேன்... அவ்வளவு தூரம் பெட்ரோலை வீணாக்குவானேன்னு.

நெல்லோ: அம்மாவும் சிக்கனக்காரங்கதாங்க. கோவிச்சுக்க மாட்டாங்க.

லெத்தீசியா: ம். அந்தக் கறுப்பு வண்டி யாரோடது?

ஓத்தாவியோ: எது?

லெத்தீசியா: உங்க முதுகுக்குப் பின்னால. சூளையை விடப் பெருசா ஒண்ணு நிக்குதே.

ஓத்தாவியோ: ஓ, அதுவா. யாரோ ஜெர்மன்காரர்போல. சுற்றுலா வந்திருப்பார்.

லெத்தீசியா: நம்ம ஊர்ல பதிவு பண்ணின வண்டி.

ஓத்தாவியோ: வாடகைக்கு எடுத்திருப்பார்.

லெத்தீசியா: உள்ள உங்க படம் போட்ட நோட்டீஸ் கட்டுக் கட்டா இருக்கு.

ஓத்தாவியோ: அப்படியா? ஜெர்மனி வரைக்கும் நம்ம பேர் போயிருக்கு பாத்தியா, நெல்லோ.

நெல்லோ: பெருமையா இருக்குங்க.

லெத்தீசியா: ஒரே ஒரு ஆள் உக்காந்து போறதுக்கு ரெண்டு டன் இரும்பு. லிட்டர் ரெண்டு யூரோவத் தொட்டுக்கிட்டு நிக்குது, கெழவிங்க பென்ஷன்ல பாதிய பங்க்ல குடுத்துட்டு சர்ச்சுக்கு வராங்க, இவனுக்கு மாடு படுக்கற அளவுக்கு சீட்டு. வெக்கங்கெட்டவன்.

ஓத்தாவியோ: சுத்தமா வெக்கங்கெட்டவன், மேடம்.

லெத்தீசியா: இவனுங்களுக்கெல்லாம் வண்டி பெருசு, மூளை...

ஓத்தாவியோ: இருக்கவே இருக்காது. பணத்திமிரு. பரம்பரையில பாத்ததில்ல, அதான்.

நெல்லோ: நான் எப்பவும் நினைக்கறதுதாங்க இது. சொன்னதில்ல.

ஓத்தாவியோ: நீ சும்மா இரு.

லெத்தீசியா: நான்லாம் பதினோரு வருஷமா அந்த சின்ன மஞ்சக் காரத்தான் ஓட்டறேன். ஒரு சொட்டுப் பெட்ரோல் வீணாக்கினது கெடயாது.

நெல்லோ: அதுங்களா... சூளைச் சுவரோட ஒட்டி நிக்குதே, அதுவா உங்க வண்டி? நாங்க வர்றதுக்கு முன்னாலயே நின்னுச்சு.

லெத்தீசியா: நான்... கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன்.

நெல்லோ: ஓ. நீங்களும் அங்கோனாவப் பாத்துக் கும்பிட.

லெத்தீசியா: கவுன்சிலரே, உங்க டிரைவருக்கு வாய் நீளம்.

ஓத்தாவியோ: நீளந்தான். கோழிகளோட பழக்கம்.

நெல்லோ: அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க, அவசரம். உங்க வண்டியிலேர்ந்து ஒரு லிட்டர் பெட்ரோல் உறிஞ்சித் தந்தீங்கன்னா... குழாய் என்கிட்ட இருக்கு.

லெத்தீசியா: என்னது, கவுன்சிலரோட வண்டியில பெட்ரோல் இல்லியா?

ஓத்தாவியோ: இல்லன்னு சொல்லக் கூடாது. சிக்கனம் அந்த அளவுக்குப் போயிடுச்சு.

லெத்தீசியா: தர்றதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா கொள்கைன்னு ஒண்ணு இருக்கே. ஒரு வண்டியோட பெட்ரோலை இன்னொரு வண்டிக்கு மாத்தறப்ப... ஆவியாகும். வீண்.

நெல்லோ: அப்ப கயிறு போட்டு எங்க வண்டிய இழுங்க. சைப்ரஸ் வளைவு வரைக்கும் போதும்.

லெத்தீசியா: தாங்காது. சின்ன உடம்பு அதுக்கு.

ஓத்தாவியோ: அப்ப என்னையாவது ஏத்திக்கிட்டுப் போங்களேன், மேடம். நாம ரெண்டு பேரும் ஒரே சின்ன வண்டியில... பாக்கறவங்களுக்கும் எடுப்பா இருக்கும்.

லெத்தீசியா: ஏத்திக்கிட்டா? முதல்ல... முதல்ல நான் போய் அங்க ஏற்பாடெல்லாம் பாக்கறேன். நீங்க எப்படியாவது வந்து சேருங்க.

ஓத்தாவியோ: சரி, போங்க.

லெத்தீசியா: போறேன்.

நெல்லோ: அங்கயே நிக்கறீங்களே, போகலீங்களா?

லெத்தீசியா: நீங்க ரெண்டு பேரும் இப்படி முறைச்சுப் பாத்துக்கிட்டு நின்னா நான் எப்படிக் கிளம்பறது? சாவி எங்க வெச்சேன்... இந்தப் பைக்குள்ள எத போட்டாலும்...

நெல்லோ: ஐயா. அங்க பாருங்க.

ஓத்தாவியோ: எங்க?

நெல்லோ: அத்தி மரத்தடியில ஒரு வெள்ளை வண்டி. கறுப்ப விட ஒரு சாண் உசரம். அம்மா பைக்குள்ள கைய விட்டதும் அது கண்ணச் சிமிட்டுச்சு.

லெத்தீசியா: வெயில் பட்டு மின்னியிருக்கும்.

நெல்லோ: இப்ப கீச்சுன்னு கத்தவும் கத்துது. வெயிலு கத்துமாங்க?

லெத்தீசியா: அது... அதுவும் ஜெர்மன்காரர் யாராவது...

நெல்லோ: ஜெர்மன்காரர் வண்டி உங்களப் பாத்து ரெண்டு தடவ கண்ணடிச்சிருச்சுங்க. பழக்கம் இருக்கும்போல.

ஓத்தாவியோ: நெல்லோ, பொறு. மேடம். பைக்குள்ளேர்ந்து கைய வெளிய எடுங்க. நான் ஒண்ணும் சொல்லல. மஞ்ச வண்டியில ஏறுங்க. ஏறிக் கிளப்புங்க.

லெத்தீசியா: கிளப்பத்தான் போறேன்.

நெல்லோ: அந்தக் கதவு இல்லீங்க... அது பக்கத்து சீட்டு. ஸ்டீயரிங் அந்தப் பக்கம்.

லெத்தீசியா: தெரியும். பைய வெக்க வந்தேன்.

ஓத்தாவியோ: சீட்டு ஏன் அவ்வளவு முன்னால இருக்கு? உங்க முழங்கால் காதுகிட்ட வருதே.

லெத்தீசியா: அக்கா பையன்தான் கொண்டாந்து விட்டான். குள்ளம்.

நெல்லோ: எத்தன நாளைக்கு முந்தி?

லெத்தீசியா: போன வருஷத் திருநாளுக்கு... அது எதுக்கு உனக்கு? தள்ளு, கிளப்பறேன்.

நெல்லோ: கிளப்புங்க.

ஓத்தாவியோ: இஞ்சின் இருமுது.

லெத்தீசியா: சூடாகலை.

நெல்லோ: முள்ளு எங்க நிக்குதுங்க?

லெத்தீசியா: எந்த முள்ளு?

நெல்லோ: பெட்ரோல் முள்ளு.

லெத்தீசியா: அது... எங்க இருக்கும்?

ஓத்தாவியோ: மேடம். பதினோரு வருஷமா இந்த வண்டிய ஓட்டறதா எழுதறீங்க.

லெத்தீசியா: எழுதறேன்.

ஓத்தாவியோ: ஓட்டறதில்லியா?

லெத்தீசியா: வாராவாரம் எழுதறவளுக்கு ஓட்டறதுக்கு நேரம் எங்க இருக்கு?

நெல்லோ: இங்கயும் படுத்துத்தான் கெடக்குதுங்க, ஐயா. நம்மது அசந்து படுத்திருக்கு. இது பரலோகமே போயிருச்சு. வாசனைகூட இல்ல.

லெத்தீசியா: எனக்கு இடுப்பு வலி, கவுன்சிலரே. டாக்டர் சொல்லிட்டார், உசரமான சீட்டுத்தான் ஆகும்னு. இதெல்லாம் உடம்பு சம்பந்தப்பட்டது. ஆடம்பரத்துல சேராது.

ஓத்தாவியோ: எனக்கும் முதுகுதான்.

லெத்தீசியா: அப்ப அந்தக் கறுப்பு...

ஓத்தாவியோ: முதுகு, மேடம். முழுக்க முழுக்க முதுகு.

லெத்தீசியா: "வெக்கங்கெட்டவன்"னு நீங்களும் சேந்துதான சொன்னீங்க?

ஓத்தாவியோ: நீங்க ஆரம்பிச்சீங்க. பெரியவங்க சொல்றப்ப மறுத்துப் பேசக் கூடாதுன்னு...

லெத்தீசியா: பெரியவங்களா? எனக்கும் உங்களுக்கும் ஒரே வயசு.

ஓத்தாவியோ: வயசுல இல்ல. வண்டியில. உங்களது ஒரு சாண் உசரமாச்சே.

நெல்லோ: ரெண்டு பேரும் அப்புறம் பேசிக்கலாமுங்க. கீழ சத்தம் கேக்குது பாருங்க. பேண்டு வாசிக்க ஆரம்பிச்சிட்டாங்க. பொறிச்ச ஒலிவக்காய் வாசனைகூட வருது.

லெத்தீசியா: நான் இல்லாமயேவா? வாசல்ல நின்னு வண்டிய எல்லாம் அளந்து பாத்து உள்ள விட வேண்டியவளே நான். டேப்பு என் பையில இருக்கு.

ஓத்தாவியோ: அப்ப இப்ப எவன் அளக்கறான்?

லெத்தீசியா: யாரும் அளக்கலன்னா வக்கீல் தெசாரி முன்னால வந்து நின்னுக்குவான். சைக்கிளை எதுக்கு அளக்கணும்னு விட்டுருவாங்க.

ஓத்தாவியோ: மேடம், ஒரு சமாதானத்துக்கு வருவோம். நீங்க கறுப்பு வண்டியப் பாக்கல. நான் வெள்ளை வண்டியப் பாக்கல.

லெத்தீசியா: நான் கண்ணாடியே போடல இன்னிக்கு.

ஓத்தாவியோ: நெல்லோ?

நெல்லோ: நான் கோழி எறகைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். கிலோமீட்டர் மேட்டர யாரும் கேக்காம இருந்தா.

ஓத்தாவியோ: கேக்கல. போதுமா? இப்ப வழியச் சொல்லு.

நெல்லோ: கறுப்பு வண்டியில கயிறு இருக்கு. அதால இந்தச் சின்ன வண்டிய வளைவு வரைக்கும் இழுத்துட்டுப் போறேன். மரத்துக்கு இந்தப் பக்கம் நின்னா சதுக்கத்துலேர்ந்து தெரியாது. அங்க கயித்த அவுத்துட்டு, பின்னாலேர்ந்து ஒரு தள்ளு. அப்புறம் தானா உருண்டு போய் சர்ச் படிக்கட்டுகிட்ட நிக்கும். பிரேக்கு மட்டும் கெட்டியா மிதிக்கணும். இஞ்சின் ஓடலன்னா நல்லா பலம் போட்டு மிதிச்சாத்தான் பிடிக்கும்.

லெத்தீசியா: இஞ்சினே ஓடாமலா?

ஓத்தாவியோ: மேடம், யோசிச்சுப் பாருங்க... சத்தமே இல்லாம வந்து நிக்கறோம். "இன்னிக்கு ஒரு சொட்டுக்கூட எரிக்கல"ன்னு ஒலிபெருக்கியில சொல்லலாம். தெசாரி சைக்கிள் மிதிச்சு வேர்வையோட நிப்பான், நான் அலுங்காம எறங்கறேன்.

லெத்தீசியா: இது நல்லாருக்கே. அடுத்த வாரத்துக்கு எழுதவும் ஆச்சு. சரி தம்பி, கயித்த எடு. மஞ்ச வண்டிய முதல்ல கட்டு.

ஓத்தாவியோ: மஞ்ச வண்டியையா? ஊர்வலத்துல முதல் வண்டி என்னோடது. பாண்டாவத்தான் முதல்ல கட்டணும்.

லெத்தீசியா: முதல் வண்டி எதுன்னு முடிவு பண்ற சங்கத்துக்கு நான் தலைவி. நான் அங்க இருந்தாத்தான் நீங்க முதல் வண்டி. நான் போகலன்னா நீங்க வெறும் வண்டி.

ஓத்தாவியோ: நீங்க போய் அரை மணி கழிச்சு நான் வந்து நின்னா? அதுக்குள்ள அந்தத் தொப்பிக்காரன் தலையில தண்ணி விழுந்துரும்.

லெத்தீசியா: உங்கள முதல்ல அனுப்பிட்டு இந்த வெயில்ல நான் சூளையில வேகணுமா? இடுப்பு வலிக்காரி.

ஓத்தாவியோ: வெள்ளை வண்டியில ஏசியப் போட்டுக்கிட்டு உக்காருங்க. அதுக்குத்தான வாங்கினது.

லெத்தீசியா: பாத்தீங்களா, இப்பத்தான பாக்கலன்னு சொன்னீங்க?

ஓத்தாவியோ: நெல்லோ, பாண்டாவக் கட்டு. சம்பளம் தர்றது நான்.

லெத்தீசியா: தம்பி, மஞ்சளக் கட்டு. கோழி, சந்தை, நாப்பதாயிரம் கிலோமீட்டர்... எல்லாம் நான் வர்றப்பவே காதுல விழுந்துச்சு. பத்திரிகையில எனக்கு அரைப் பக்கம் இருக்கு.

நெல்லோ: நான் ரெண்டு பேருக்கும் நடுவுல பேசறேன்னு நினைக்காதீங்க. மூணாவதா ஒரு வண்டி நிக்குதே, கவனிச்சீங்களா?

ஓத்தாவியோ: எங்க?

நெல்லோ: சுவரத் தாண்டி எட்டிப் பாருங்க, சூளை வாசல்ல. சாம்பல் நிறம். உள்ள திரையெல்லாம் போட்டிருக்கு.

லெத்தீசியா: யப்பா. வீடு மாதிரி இருக்கு. நிஜமா எனக்குத் தெரியாது அது யாரோடதுன்னு.

ஓத்தாவியோ: எனக்கும் தெரியாது. இது உண்மையாவே ஜெர்மன்காரரா இருக்கும்.

லெத்தீசியா: இருக்கும். கண்ணாடியில ஜெபமாலை தொங்குது. பக்தியுள்ள ஜெர்மன்காரர்.

ஓத்தாவியோ: மறுபடி அந்தச் சத்தம். கேட்டுச்சா? தும்மல்.

லெத்தீசியா: உள்ளேர்ந்துதான். அந்த ஜெர்மன்காரரா? அப்ப நாம பேசினதெல்லாம் கேட்டிருப்பானே.

ஓத்தாவியோ: ஜெர்மன்காரனுக்கு நம்ம பேச்சு எங்க புரியப் போகுது? விடுங்க. மணி என்ன ஆச்சு?

லெத்தீசியா: அடிக்க வேண்டிய நேரம் தாண்டிடுச்சே. கோயில் மணி ஏன் இன்னும் அடிக்கல?

நெல்லோ: அடிக்காதுங்க.

ஓத்தாவியோ: ஏன்டா அடிக்காது?

நெல்லோ: ஃபாதர் வந்து கையசைச்சாத்தான் அடிப்பாங்க.

லெத்தீசியா: அசைக்க வேண்டியதுதான? எங்க போனார் அவர்?

ஓத்தாவியோ: நெல்லோ, ஏன் சூளை வாசலையே பாக்கற? நீ உள்ள போனப்ப என்ன பாத்த?

நெல்லோ: சொல்லக் கூடாதுங்க. பாவசங்கீர்த்தனம்.

ஓத்தாவியோ: பாவசங்கீர்த்தனம்னா நீ போய் உன் பாவத்த ஃபாதர்கிட்ட சொல்றதுடா.

நெல்லோ: இன்னிக்கு உள்ள அவர்தான் என்கிட்ட சொன்னாருங்க.

சூளைக்குள்ளிருந்து ஒரு குரல்: எவ்வளவு நேரந்தான் இந்தத் தூசியில உக்காந்து கேட்டுக்கிட்டிருப்பேன்... யார் முதல்ல, யார் ரெண்டாவதுன்னு அடிச்சுக்க வேண்டாம், பிள்ளைங்களா. வாசல்ல நிக்கற என் சாம்பல் வண்டிய நீங்களும் பாக்கல. இங்க உள்ள என் சின்ன வண்டியிலயும் முள்ளு படுத்துத்தான் கெடக்கு. கயித்த முதல்ல என் வண்டியில கட்டுங்க. தீர்த்தச் செம்பு இதுலதான் இருக்கு.